யாரும் என்னை இறக்கிவிடவில்லை

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வாழ்க்கையில் இன்பம் பெரிதும் கிடைப்பது போய்ச் சேரும் இடத்திலா? போகிற வழியிலா?’ ‘போகிற வழியிலே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அண்ணன் ரொம்ப அழகாச் சொன்னார். “பழனிக்குக் கிளம்பினவனுக்கு முருகனைப் பார்த்தாத்தான் இன்பம். பாதையை மட்டும் பார்த்துட்டுத் திரும்பினா என்ன இன்பம்?” என்று கேட்டார். நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். பழனிக்கு பஸ் இருக்கு, ரயிலும் இருக்கு. அப்புறம் ஏன் லட்சக்கணக்கான ஜனங்க கால் கொப்பளிக்கப் பாதயாத்திரை போறாங்க? போய்ச் சேருவது மட்டும்தான் இன்பம் என்றால் பஸ்ஸிலே ஏறிப் போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாமே! (கைத்தட்டல்)

நான் அவ்வளவு பெரிய யாத்திரைக்கெல்லாம் போகலை அய்யா. ஒரே ஒரு சைக்கிளை வச்சு என் கட்சியைச் சொல்லிட்டுப் போயிடறேன்.

சைக்கிளோட மூதாதை 1817ஆம் வருஷம் ஜெர்மனியிலே பிறந்தது. கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தாலே ரெண்டு சக்கரம் வச்சு ஒரு வண்டி செஞ்சார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. மேலே உட்கார்ந்து ரெண்டு காலாலேயும் தரையை உதைச்சு உதைச்சுப் போகணும். நம்ம குழந்தைங்க நடை வண்டி தள்ளுற மாதிரின்னு வச்சுக்குங்களேன். அப்புறம் 1888இலே பெல்பாஸ்ட் நகரத்திலே டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்று அடைச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அந்த டயரை முதல்லே யாருக்காகச் செஞ்சார் தெரியுமா? பந்தயக்காரருக்கு இல்லை, பட்டாளத்துக்கும் இல்லை. தன்னுடைய சின்னப் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காகச் செஞ்சார். போற வழியிலே பிள்ளைக்குக் குலுங்காம இருக்கணும், அவ்வளவுதான். பந்தயக்காரங்க பின்னாலேதான் எடுத்துக்கிட்டாங்க. ஆக, சைக்கிள் டயருக்குள்ளே இருக்கிற காத்து எங்க அணிக் காத்து அய்யா! (சிரிப்பு, கைத்தட்டல்)

இனி என் சொந்தக் கதைக்கு வர்றேன்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்திலே ஒரு சின்ன கிராமம். பஸ் காலையிலே ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. 1991இலே எங்க மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்துச்சு. அப்போ மாவட்ட ஆட்சியரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் ஊர் ஊராப் போகணும், அதுக்கு அப்பாவையோ அண்ணனையோ எதிர்பார்த்து நிற்கக் கூடாது. அதனாலே ‘அ’னா ‘ஆ’வன்னாவோட சைக்கிளையும் சேர்த்துக் கத்துக்கச் சொன்னாங்க. பாட்டே கட்டிப் பாடினாங்க. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கியிலே கடனுக்கு ஏற்பாடு செஞ்சாங்க. வயல்லே களை எடுக்கிறவங்க, கல்குவாரியிலே கல் உடைக்கிறவங்க, பாலவாடி ஆயா, நர்ஸம்மா, இப்படிப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினாங்க.

அதிலே எங்க அம்மாவும் ஒருத்தி. அப்போ அவங்களுக்கு வயசு 32, எனக்கு 14. மணிக்கு ஒரு ரூபாய்னு வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு, தண்ணி வத்தின கண்மாய்க்குள்ளே இறங்குவோம். ஊர் பார்க்கக் கூடாதில்லே! முதல் அரை மணி அம்மாவுக்கு, அடுத்த அரை மணி எனக்கு. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறுவாங்க, நான் பின்னாலே கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவேன். “விட்டுடாதடீ, விட்டுடாதடீ”ன்னு கத்துவாங்க. நான் விட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்கும்! (சிரிப்பு) எனக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைச்சுக் குரங்கு பெடல். முழங்கால் ரெண்டும் சிராய்ப்பு. ஆனா அந்த முதல் நாள், கண்மாயிலே ஒரு இருபது முப்பது அடி யாரும் பிடிக்காம நானாப் போனேனே, அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு இன்னைக்கும் வார்த்தை கிடைக்கலை.

அம்மா கடன் போட்டு ஒரு சைக்கிள் வாங்கினாங்க. கைநாட்டு வைக்காம, தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவங்க வாங்கின முதல் கடன் அது. பார் வச்ச ஆம்பளை சைக்கிள்தான் வேணும்னு கேட்டு வாங்கினாங்க. முன்னாலே பாரிலே என் தம்பி, பின்னாலே கேரியர்லே தண்ணிக் குடம்.

எதிரணி நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தண்ணிக் குழாய் எங்க வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். சைக்கிள் வர்றதுக்கு முன்னாலேயும் அதே குழாய்தான், வந்த பின்னாலேயும் அதே குழாய்தான். அதே வரிசை, அதே சண்டை, அதே குடம். நடந்து போன காலத்திலே அம்மா விதியை நொந்துக்கிட்டே போவாங்க. சைக்கிள் வந்த பிறகு பாட்டுப் பாடிக்கிட்டே போனாங்க. போய்ச் சேர்ற இடம் மாறவே இல்லையே! அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? வழியிலிருந்துதான் வந்தது. (கைத்தட்டல்)

நான் பிளஸ் ஒன் சேர்ந்தப்போ பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். அம்மா அந்தச் சைக்கிளை எங்கிட்ட கொடுத்துட்டாங்க. “எனக்கு நடந்து பழக்கம்தானே”ன்னு சொல்லிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பிலே வச்சுக்கிட்டு மறுபடி நடக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சைக்கிள்லே போய்த்தான் நான் படிச்சேன். 2004இலே திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலே கணக்கு டீச்சரா வேலைக்குச் சேர்ந்தேன். சைக்கிளும் என்னோட வந்தது.

பெண்ணு சைக்கிள் ஓட்டுறதை மாமியார் தடுத்தாங்க, கணவர் தடுத்தார், ஊர் தடுத்ததுன்னு கதை கேட்டிருப்பீங்க. என் கதையிலே அப்படி யாரும் இல்லை. என் மாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கணவர், “காத்து இருக்கா, அடிச்சுத் தரட்டுமா?”ன்னு கேட்கிற மனுஷன். ஒருநாள் கூட வேலை பார்க்கிற டீச்சர் விளையாட்டாச் சொன்னாங்க: “என்ன டீச்சர், பால்காரர் சைக்கிள்லே வர்றீங்க? ஸ்டாண்டுலே பிள்ளைங்களோட பிள்ளையா நிக்கிறீங்க?” எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அடுத்த மாசமே தவணையிலே ஒரு ஸ்கூட்டர் எடுத்துட்டேன். யாரும் என்னை இறக்கிவிடவில்லை அய்யா, நானே இறங்கிட்டேன்.

இருபது நிமிஷ வழி எட்டு நிமிஷம் ஆச்சு. மிச்சமான பன்னிரண்டு நிமிஷத்தை வச்சு நான் என்ன சாதிச்சேன்னு கேளுங்க. பன்னிரண்டு நிமிஷம் லேட்டா எழுந்திரிச்சேன்! (பலத்த சிரிப்பு)

ரெண்டு வருஷம் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. 2008இலே வீடு மாத்தினப்போ பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டேன். ஊருக்குப் போனப்போ அம்மா கேட்டாங்க, “சைக்கிள் எங்கம்மா?” சொன்னேன். அம்மா திட்டலை, எவ்வளவுக்குப் போச்சுன்னும் கேட்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, “தூக்கிட்டுப் போறப்போ டயர்லே காத்து இருந்துச்சாம்மா?”ன்னு மட்டும் கேட்டாங்க. “இருந்துச்சும்மா”ன்னு சொன்னேன். பொய். ரெண்டு வருஷமா நான் அதுக்குக் காத்தே அடிக்கலை.

2018இலே எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர், “தினம் அரை மணி சைக்கிள் ஓட்டுங்கம்மா”ன்னார். உடனே நின்ன இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கினோம். சைக்கிள் நகராது, காத்தும் வராது. வெளியிலே ஓட்டினா நாம போற வேகத்துக்கு முகத்திலே காத்து அடிச்சு, வியர்வை தெரியாம உலர்ந்திடும். இதிலே அஞ்சு நிமிஷத்திலே குளிச்ச மாதிரி ஆயிடும். ஒரே மாசம். அப்புறம் அதிலே எங்க வீட்டுத் துண்டு, பாவாடை, பனியன் எல்லாம் ஜோராக் காய்ஞ்சது! (சிரிப்பு)

நடுவர்: அம்மா, எங்க வீட்டிலேயும் ஒண்ணு காய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு! (பலத்த சிரிப்பு)

அடுத்து, கியர் வச்ச சைக்கிள் வாங்கினேன். எத்தனை கிலோமீட்டர் போனேன்னு என் பொண்ணு போன்லே கணக்கு வச்சுக் கொடுத்தா. நானோ கணக்கு டீச்சர், கேட்கணுமா? தினம் பத்து கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வரும்போது ஒன்பதே முக்கால் காட்டினா, உள்ளே போக மாட்டேன். பத்து ஆகிற வரைக்கும் எங்க தெருவிலேயே சுத்திச் சுத்தி வருவேன். எதிர்வீட்டு அம்மா, “என்ன டீச்சர், சாவி தொலைஞ்சு போச்சா?”ன்னு கேட்டாங்க! (சிரிப்பு) தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரே நாள்லே 42 கிலோமீட்டர் போனேன்னார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மூணு மாசத்திலே அந்தச் சைக்கிளும் சுவர்லே சாய்ஞ்சிடுச்சு.

எதிரணி நண்பர்களே, அப்போ நான் உங்க கட்சியிலேதான் இருந்தேன். எனக்குப் போய்ச் சேர்ற இடம் இருந்தது. சர்க்கரை குறையணும், பத்து கிலோமீட்டர் ஆகணும். தினமும் போய்ச் சேர்ந்தேன். சர்க்கரைகூடக் கொஞ்சம் குறைஞ்சது, பொய் சொல்லக் கூடாது. ஆனா இன்பம் மட்டும் வரவே இல்லை. வழியிலே என்ன மரம் நின்னதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. (கைத்தட்டல்)

2023இலே ஒரு சாயந்தரம். பள்ளிக்கூடம் விட்டாச்சு. பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு கேட் பக்கம் நிக்குது. அரசாங்கம் இலவசமாக் கொடுத்த புதுச் சைக்கிள், செயின் கழன்று தொங்குது. அது வீடு ஏழு கிலோமீட்டர். கண்ணு கலங்கி நிக்குது. நான் ஸ்கூட்டரை நிறுத்திட்டுக் குனிஞ்சேன். பின்னாலே ஃப்ரீவீல் பல்லுலே செயினை மாட்டி, முன்னாலே பெரிய பல்சக்கரத்திலே ரெண்டு பல்லுக்கு ஏத்தி, பெடலை மெதுவாச் சுத்தினா அது தானா ஏறி உட்கார்ந்துக்கும். பதினேழு வருஷம் ஆச்சு நான் செயின் மாட்டி. கை மறக்கலை அய்யா! கையெல்லாம் கறுப்பு கிரீஸ்.

அந்தப் பொண்ணு சொல்லுச்சு, “டீச்சர், சரியா இருக்கான்னு ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்.” சேலையை இழுத்துச் செருகினேன், ஏறினேன். மைதானத்தைச் சுத்தி வேப்ப மரம், தண்ணித் தொட்டி, கொடிக்கம்பம். முகத்திலே காத்து. எதிர்லே ஒரு ஈ காக்கை இல்லை, ஆனா மணியை அடிச்சேன். சும்மாவே அடிச்சேன். எத்தனை சுத்துன்னு எண்ணலை. போன் பையிலே இருந்தது. இறங்கினப்போ அந்தப் பொண்ணு என்னையே பார்த்துட்டு, “டீச்சர், உங்களுக்குச் சிரிக்கத் தெரியுமா?”ன்னு கேட்டுச்சு! (பலத்த சிரிப்பு, கைத்தட்டல்)

அந்த வாரமே கூடை வச்ச ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். ஸ்கூட்டரை விற்கலை. மெயின் ரோட்டிலே லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலே சைக்கிள் ஓட்டுங்கன்னு உங்களையும் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு வேகம் வேணும்தான். ஆனா சீக்கிரம் போய்ச் சேருவதுதான் இன்பம்னா, உலகத்திலேயே ரொம்ப இன்பமாப் போறவன் ஆம்புலன்ஸ்லே போறவன்தான்! (பலத்த சிரிப்பு) ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலே, வண்டி நடமாட்டம் இல்லாத வாய்க்கால் கரை ரோட்டிலே போறேன். டீக்கடை வந்தா நிறுத்துவேன். கொக்கு நின்னா நானும் நிற்பேன்.

2024 பொங்கலுக்கு அந்தச் சைக்கிளை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அம்மாவுக்கு 64 வயசு, முழங்கால் வலி, வாசலைத் தாண்டறது இல்லை. “வாம்மா, கண்மாய்க் கரை வரைக்கும் போயிட்டு வரலாம், கேரியர்லே உட்காரு”ன்னேன். “போடி, விழுந்து வச்சா யாரு பார்க்கிறது”ன்னாங்க. ஆனா எழுந்து வந்துட்டாங்க. வந்தவங்க உடனே உட்காரலை. குனிஞ்சு, கட்டைவிரலாலே பின் டயரை அழுத்திப் பார்த்தாங்க.

“காத்து இருக்காம்மா?”

“இருக்கும்மா”ன்னேன். இந்தத் தடவை பொய் இல்லை.

கண்மாய் நிறையத் தண்ணி. நாங்க ரெண்டு பேரும் சைக்கிள் பழகின இடம் தண்ணிக்கு அடியிலே இருந்தது. கரை மேலே மெதுவாப் போனோம். பின்னாலேயிருந்து அம்மா பழைய பாட்டு ஒண்ணை முணுமுணுக்கிறது கேட்டது. எங்கே போனோம்னு கேட்டீங்கன்னா, எங்கேயும் போகலை. கரையோட அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தோம், அவ்வளவுதான்.

நடுவர் அய்யா அவர்களே, போய்ச் சேர ஒரு இடமே இல்லாத அந்தப் பயணத்திலேதான், பதினேழு வருஷமா நான் தொலைச்சிருந்த இன்பம் எனக்குத் திரும்பக் கிடைச்சது. ஆகவே, வாழ்க்கையில் இன்பம் பெரிதும் கிடைப்பது போகிற வழியிலே, போகிற வழியிலேதான் என்று நல்லதொரு தீர்ப்பு வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைத்தட்டல்)