பேயா? சர்க்கரைக் குறைவா?



நீரிழிவு பணக்காரர் வியாதி என்று பேசிய காலம் போய்விட்டது. பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டில் பாடுபடுகிறவருக்கும், அரியலூர் சிமெண்டு ஆலையில் உழைக்கிறவருக்கும் அது வருகிறது. 2021-இல் துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல காரியந்தான். ஆனால் மாத்திரையோடுகூட அதைப்பற்றிய அறிவும் வீட்டுக்குள் வரவேண்டாமா?

இன்சுலின் ஊசியோ, சிலவகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விரதமென்று பட்டினி கிடந்தாலும், சாப்பிடாமல் வெயிலில் வேலை செய்தாலும் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 70 மில்லி கிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 54-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. ஆள் வியர்ப்பார், நடுங்குவார், உளறுவார், வலிப்புங்கூட வரலாம். உடனே நம்மவர்கள் “காத்துக் கருப்பு அடித்துவிட்டது” என்று வேப்பிலை தேடுகிறார்கள்.

உண்மையில் நடப்பதென்ன? மூளைக்குத் தீனி சர்க்கரை. அது குறைந்தால் மூளை தடுமாறுகிறது, அதுதான் உளறல். நரம்புகளும் அட்ரினலினும் செய்யும் வேலைதான் வியர்வையும் நடுக்கமும். மூளைக்கடியில் பட்டாணி அளவிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியோ, வளர்ச்சி ஹார்மோனையும், கார்டிசாலைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனையும் விடுகிறது. இவை சர்க்கரையை மறுபடி ஏற்றத் துணை செய்கின்றன.

பிட்யூட்டரிக்கு உத்தரவிடுவது ஹைபோதலாமஸ் என்னும் மூளைப்பகுதி. அங்கே சேதி கொண்டுபோகும் இரசாயனங்களுள் ஒன்று செரடோனின். 1948-இல் அமெரிக்காவில் அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1973-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், செரடோனினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு இன்சுலினால் சர்க்கரையை இறக்கிப் பார்த்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் வழக்கம்போல் எழும்பவில்லை. செரடோனின் ஒன்றே எல்லாம் செய்கிறதென்று நான் சொல்லவில்லை. பல தூதர்களில் அதுவும் ஒன்று. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற ஒரு காரியத்தில் பேய்க்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள்!

மற்றொன்றையும் கவனியுங்கள். அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கை மங்கிவிடும். வியர்வையுமில்லை, நடுக்கமுமில்லை, நேரே மயக்கந்தான். ஆகவே வீட்டிலுள்ளவர்கள் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நினைவிருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். “சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா?” என்று தயங்காதீர்கள், அந்த நேரத்தில் அதுவே மருந்து. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் சாப்பாடு கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பெரம்பலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பூசாரி வீட்டில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம்.

விரதமிருக்க நினைக்கும் நீரிழிவுக்காரர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.