வெட்டுமுன் கேட்டல், வெட்டியபின் நடுதல்

(கார்த்திகைச் சோமவாரத்தன்று திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயிலுக்குள் வந்த நீங்கள் கொடிமரத்தடியில் வீழ்ந்து வணங்கினீர்கள். அம்மையையும் அப்பனையும் தொழுதீர்கள். திருச்சுற்றை வலம் வருகையில் தலமரத்தின் அடியிலும் ஒரு கணம் நின்று கைகூப்பினீர்கள். அந்த மரத்தின் உறவினங்களாய் நம் வீட்டுக் கொல்லையிலும் வயல் வரப்பிலும் தெருவோரத்திலும் நிற்கின்ற மரங்களைப் பற்றி இன்று சிறிது பேச விழைகின்றேன். ஒரு மரத்தை அகற்ற நேர்ந்தால் யாரைக் கேட்டல் வேண்டும்? அகற்றியபின் என்ன செய்தல் வேண்டும்? இவ்விரண்டு வினாக்களே இன்றைய பேச்சின் பொருள். பக்திச் சொற்பொழிவில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். இடம் உண்டு என்பதனைத் தலங்களின் பெயர்களே நமக்குச் சொல்லும்.

தலமும் மரமும்

திருவாலங்காடு, திருவெண்காடு, திருமறைக்காடு, திருச்சாய்க்காடு என்று காட்டின் பெயரால் வழங்கும் தலங்கள் பல. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்பனவற்றில் வரும் ‘கா’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குச் சோலை என்பது பொருள். கற்றளி எழுவதற்கு முன்னே மரநிழல் இருந்தது. அந்நிழலிலேதான் நம் முன்னோர் இறைவனைக் கண்டனர். ஆனைக்காவுக்கு வெண்ணாவல், காஞ்சி ஏகம்பத்துக்கு மா, மயிலைக்குப் புன்னை, குற்றாலத்துக்குக் குறும்பலா என ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரம் உரியதாயிற்று.

மதுரையின் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் உரைக்கின்றது. மணவூர் வணிகனாகிய தனஞ்சயன் கடம்பவனத்தினூடே இரவில் தங்கினான். அங்கே இறைவன் திருமேனியைக் கண்டான். கண்டதைக் குலசேகர பாண்டியனிடம் சென்று சொன்னான். அரசன் காட்டைத் திருத்தி நகரம் எடுத்தான். நகரம் அமைய வேண்டுமானால் மரங்கள் வெட்டுண்ணத்தான் வேண்டும். அதனை நம் புராணம் மறைக்கவில்லை. ஆயினும் கடம்பின் நினைவை அந்நகரம் விட்டுவிடவில்லை. மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் பட்டுப்போன பழங்கடம்பின் அடிமரத்தை இன்றும் போற்றி வைத்திருக்கின்றனர்.

தில்லையின் செய்தியோ வேறு. தில்லை மரம் நிறைந்த வனமாக இருந்தமையால் அவ்வூர் தில்லை எனப் பெயர் பெற்றது. இன்று சிதம்பரத்துக்குச் செல்லும் அன்பர் தில்லை மரத்தைக் காண விரும்பினால், கடலோரத்துப் பிச்சாவரம் கழிக்காட்டுக்குத்தான் செல்லுதல் வேண்டும். ஊருக்குப் பெயர் இருக்கின்றது. பெயர் தந்த மரம் ஊரை விட்டு அகன்றது. அகற்றிய இடத்தில் மீண்டும் நடாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முன்னோர் வகுத்த நெறி

மரம் வெட்டுதற்கு விதி வகுத்தல் இக்காலத்தார் கண்ட புதுமை என்று நினைக்கின்றோம். கௌடலீயம் என்னும் அர்த்தசாத்திரத்தைப் பாருங்கள். நகரச் சோலையில் பூவும் கனியும் நிழலும் தரும் மரத்தின் தளிரைச் சிதைத்தவனுக்கு 6 பணம் தண்டம். சிறு கிளையை வெட்டினால் 12 பணம். பெருங்கிளைக்கு 24 பணம். அடிமரத்தை அழித்தாலும் வேரோடு பறித்தாலும் தண்டம் இன்னும் ஏறும். எல்லை காட்டும் மரமாகவோ, மக்கள் வழிபடும் மரமாகவோ இருந்தால் தண்டம் இரட்டிப்பு.

வராகமிகிரர் இயற்றிய பிருகத் சங்கிதை, இறைவன் திருமேனி செய்தற்கு மரம் தேடிக் காட்டுக்குள் புகுவோர்க்கு நெறி சொல்கின்றது. கோயிலில் வளர்ந்த மரத்தைத் தொடுதல் ஆகாது. பறவைகள் பல கூடு கட்டிய மரத்தையும் தொடுதல் ஆகாது. தகுந்த மரத்தைக் கண்டபின்னும் உடனே கோடரியை ஓங்குதல் கூடாது. முன்னாள் இரவே அதற்குப் பூசனை செய்து, அதில் உறையும் உயிர்களெல்லாம் இதனைப் பொறுத்து வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ளுதல் வேண்டும். இறைவனுக்காகவே வெட்டுகின்ற மரத்துக்கும் இத்துணைக் கேள்வி உண்டு!

நற்றிணையில் ஒரு தலைவியின் செய்தி வருகின்றது. தோழியரோடு மணலில் விளையாடியபோது புதைத்து மறந்த புன்னை விதை முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து அதனை வளர்த்தனர். ‘இது உனக்குத் தங்கை’ என்று தாய் சொல்லி வைத்தாள். பின்னாளில் அதன் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேசவும் அவள் நாணினாள். தங்கை பார்க்கின்றாளே என்னும் நாணம் அது. இப்பாட்டை முப்பது ஆண்டுகள் மாணவர்க்கு நடத்தியவன் நான். அதனை இவ்விடத்தில் நினைவில் இருத்துங்கள். சற்றுப் பின்னர் என் குறை ஒன்றைச் சொல்லுவேன்.

இன்றைய விதிகள்

இனி, நம் நாட்டில் இன்று வழங்கும் விதிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

மலைப்பகுதியில் நிலம் உடையோர்க்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த குழுவின் முன் அனுமதியின்றி மரத்தை வெட்டுதலோ, வேரோடு பறித்தலோ, எரித்தலோ கூடாது. தம் சொந்த நிலமாயினும் இது பொருந்தும். மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது மரத்தின் வேர். மேல்வீட்டார் வேரை அறுத்தால் கீழ்வீட்டார் கூரைமேல் மண் சரியும். ஆகவேதான் அங்கே ‘என் மரம்’ என்னும் உரிமைக்கு ஓர் எல்லை இடப்பட்டது.

சந்தன மரம் பட்டா நிலத்தில் தானே முளைத்திருந்தாலும், உரியவர் தம் விருப்பம்போல் வெட்டி விற்றல் கூடாது. வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் வழியாகவே செய்தல் வேண்டும்.

பனை நம் மாநில மரம். ஏடாகித் திருமுறைகளைச் சுமந்ததும் பனையே. செங்கற் சூளைக்கென்று கூட்டங்கூட்டமாக அது வீழ்த்தப்பட்ட நிலையில், 2021-ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட வேளாண் நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க இயலாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. பனை காய்ப்புக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு நாழிகையில் வீழ்வது ஒரு தலைமுறையின் காத்திருப்பு. திருவோத்தூரில் அடியார் ஒருவர் வளர்த்த பனைகளெல்லாம் காய்க்காத ஆண்பனைகளாய் நின்றன. ஞானசம்பந்தப் பெருமான் பாடியருள, அவை குலை ஈன்றன என்பது வரலாறு. பயன் தரவில்லை என்று அவ்வடியார் அவற்றை முன்பே வெட்டியிருந்தால், அந்த அற்புதம் நிகழ இடம் ஏது?

புறம்போக்கிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்கள் அரசுக்கு உரியவை. அவற்றைப் பராமரித்து வருவோர்க்கு ‘2சி’ எனப்படும் மரப்பட்டா வழங்கும் வழக்கம் உண்டு. அது காய்கனிகளை அனுபவிக்கும் உரிமையே. வெட்டும் உரிமை அதில் அடங்காது. வீட்டு வாயிலை மறைக்கின்றது என்பதற்காகத் தெருமரத்தை நாமே வெட்டுதல் குற்றமாகும். இத்தகைய மரங்களைப் பற்றி ஆய்ந்து முடிவு செய்ய ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்கள் உள்ளன.

திருக்கோயில் நிலத்தில் நிற்கும் மரம் இறைவனின் உடைமை. குத்தகைக்கு உழுவோரும், அறங்காவலரும், பணியாளரும் தம் விருப்பப்படி அதனை வெட்டுதற்கு இல்லை. பட்டுப்போன மரமாயினும் உரிய அலுவலரின் ஆணை பெற்றே அகற்றுதல் வேண்டும்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் குடியிருப்போர், மனையில் உள்ள மரத்தை அகற்றுமுன் அவ்வலுவலகத்தில் ஒரு சொல் கேட்டு அறிதல் நலம். ஒரு விண்ணப்பம் எழுதும் நேரத்தில் ஒரு வழக்கைத் தவிர்க்கலாம்.

என் வீட்டு வேம்பு

இத்துணையும் சொல்லிய நான் செய்ததையும் சொல்லாவிட்டால் இப்பேச்சு பொய்யாகும்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் என் தாயார் நட்ட வேம்பு ஒன்று நின்றது. ஏழு ஆண்டுகளுக்கு முன் என் மகன் பின்புறம் ஓர் அறை கட்ட விரும்பினான். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர்; இடம் போதவில்லை; தேவை உண்மையான தேவைதான். வேம்பு குறுக்கே நின்றது. விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். ‘உங்கள் பட்டா மனை, உங்கள் வேப்பமரம். உங்களை யார் கேட்கப் போகிறார்கள், ஐயா?’ என்றார். அவர் சொன்னபடியே ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரே ஒருவர். மரம் வெட்ட வந்த தொழிலாளி. அவர் மரத்தில் பாதி ஏறியவர் இறங்கி வந்து, ‘ஐயா, மேலே காக்கைக் கூடு இருக்கிறது. குஞ்சு இருக்கிறது. ஒரு மூன்று வாரம் பொறுத்தால் பறந்துவிடும். நான் திரும்ப வருகிறேன்’ என்றார். நான், ‘தம்பி, கொத்தனார் நாளை வருகின்றார், முன்பணமும் கொடுத்தாயிற்று’ என்றேன். அவர் மறுமொழி சொல்லாமல் ஏறினார். கூட்டை அப்படியே எடுத்துவந்து பக்கத்துப் பூவரசின் கவட்டில் வைத்தார். தாய்க்காக்கை அதனருகே வரவில்லை. இரண்டு நாள் எங்கள் மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. நாள்தோறும் காக்கைக்குச் சோறு வைத்தபின் உண்ணும் வழக்கமுடையவன் நான். அன்று சோற்று உருண்டையோடு மாடியில் நின்றேன். அது தொடவில்லை.

எழுத்தறியாத அத்தொழிலாளி பிருகத் சங்கிதையின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். அந்நூல் சொல்லும் கேள்வியை அவர் கேட்டார். புன்னையைத் தங்கை என்று பாடம் சொன்ன நான் கேட்கவில்லை. சட்டம் என்னைத் தடுக்கவில்லை என்பது உண்மை. சட்டம் பேசாத இடத்தில் பேசுதற்கென்றே அறம் இருக்கின்றது. அன்று அது என் காதில் விழுந்தது. கொத்தனாரைக் காரணங்காட்டி நான் அதனைக் கேளாதவன் ஆனேன். மூன்று வாரம் பொறுத்திருந்தால் என் வீட்டில் என்ன குறைந்திருக்கும்?

நடுதல் என்னும் கடன்

சாலை அகலப்படுத்துதல் முதலிய பணிகளில், வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நடுதல் வேண்டும் என்று விதிப்பதைக் கேள்விப்படுகின்றோம். மச்ச புராணம் பத்து மக்களுக்கு ஒரு மரத்தை நிகராக வைக்கின்றது. அங்கே பத்து மக்களுக்கு ஒரு மரம். இங்கே ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று. இரண்டும் ஒரு முதிர்ந்த மரத்தின் அருமையையே சொல்லுகின்றன.

நானும் என் குறைக்குக் கழுவாயாகப் பத்துக் கன்றுகள் நட்டேன். அவ்வாண்டு மார்கழிக்குள் நான்கு போயின. ஆடு மேய்ந்தது சில. நெகிழிப் பையைக் கிழிக்காமலே நான் அவசரமாகப் புதைத்தமையால் வேரோடாமல் பட்டவை சில. கோடையில் இன்னும் மூன்று வாடின. பிறகுதான் கற்றுக்கொண்டேன். குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம் இருத்தல் வேண்டும். மக்கிய எருவும் மேல்மண்ணும் இட்டுப் பையை அகற்றி நடுதல் வேண்டும். முள்வேலி கட்டுதல் வேண்டும். முதல் மூன்று கோடைக்காலமும் தவறாமல் நீர் விடுதல் வேண்டும். நடுதல் ஒரு நாள் வேலை; காத்தல் மூன்றாண்டு நோன்பு. கன்று நடும் விழாவில் படம் எடுத்துக்கொள்வோர் இதனை நினைத்தல் நன்று.

இடமறிந்து நடுதலும் வேண்டும். மரத்துக்கு மரம் 20 முழம் இடைவெளி சிறப்பு, 16 முழம் நடுத்தரம், 12 முழம் கடைத்தரம் என்று பிருகத் சங்கிதையே கூறும். சுவரை ஒட்டியும் மின்கம்பியின் கீழும் இன்று நட்டுவிட்டு, இருபது ஆண்டு கழித்து அதனையே குற்றவாளியாக்கி வெட்டுதல் முறையாகாது. நம் மண்ணுக்குரிய வேம்பு, புன்னை, புங்கு, நாவல், மகிழ், இலுப்பை போன்றவற்றைத் தேர்ந்து நடுங்கள்.

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. தலமரத்தின் வேரில் சுடர் படுமாறு விளக்கோ கற்பூரமோ ஏற்றாதீர்கள். அடிமரத்தில் ஆணி அடித்துத் தொட்டில் கட்டாதீர்கள். வேர்மேல் சிமெண்டுத் தளம் போட்டுத் தருவதாக நேர்ந்துகொள்ளாதீர்கள். வேருக்கு நீரும் காற்றும் புகுதல் வேண்டும். வேண்டுதல் உடையோர் ஒரு குடம் நீர் ஊற்றி வலம் வாருங்கள். அதுவே மேலான நேர்த்திக்கடன்.

நான் நட்ட பத்தில் எஞ்சியவை மூன்று. அவற்றுள் ஒரு வேம்பு இன்று மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்க்கின்றது. சென்ற சித்திரையில் அதன் கவட்டில் ஒரு காக்கை சுள்ளி சேர்த்தது. அது அன்றைய காக்கையோ அதன் இனமோ யானறியேன். கிளை ஒன்று மின்கம்பி அருகே நீண்டிருப்பதால் கழிக்க வேண்டும் என்றான் என் மகன். நான் சொல்வதற்கு முன்னே அவனே, ‘குஞ்சு பறக்கட்டும், அப்பா. ஆனி மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றான். நான் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடமும் எனக்கு அத்துணை மகிழ்ச்சி தந்ததில்லை.

அன்பர்களே! வெட்டுமுன் கேளுங்கள்: சட்டத்தைக் கேளுங்கள், அண்டை வீட்டாரைக் கேளுங்கள், அம்மரத்தில் வாழும் உயிர்களையும் எண்ணிப் பாருங்கள். வெட்டியபின் நடுங்கள்; நட்டதைக் காத்து வளருங்கள். ஆலமர் செல்வனாய், மரநிழலில் அமர்ந்து அறம் உரைத்த பெருமான் திருவருள் உங்கள் மனைதோறும் நிழலாய்ப் படர்வதாகுக.

திருச்சிற்றம்பலம்.