ரிச்சர்ட்ஸ் பே சொல்லும் கணக்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நம் சம்ப்பைப் பெரிதாக்கலாமா என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. அதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு துறைமுகத்தின் கணக்கைக் கேளுங்கள். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், எனக்குக் கணக்குதான் பேச வரும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் ரிச்சர்ட்ஸ் பே என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1976-ல் நிலக்கரி ஏற்றுமதி முனையம் தொடங்கினார்கள். அப்போது ஆண்டுக்கு 1.2 கோடி டன் ஏற்றலாம். படிப்படியாக விரிவாக்கி, 2010-ல் 9.1 கோடி டன் என்று ஆக்கிவிட்டார்கள். 200 வேகன் கொண்ட ரயில்கள் வந்து நிற்கும். இயந்திரம் வேகனைக் கவிழ்த்துக் கொட்டும். கன்வேயர் பெல்ட் கரியை மைதானத்தில் குவிக்கும், பிறகு கப்பலில் ஏற்றும். இந்தியாவுக்கும் அங்கிருந்து நிறைய நிலக்கரி வருகிறது.

இந்த முனையம் சுரங்கக் கம்பெனிகளின் கூட்டுச் சொத்து. யாருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவுக்கு ஏற்றும் உரிமை. நம் யு.டி.எஸ். மாதிரிதான். ஆனால் கரியைக் கொண்டு வரும் ரயில் அவர்களுடையது அல்ல. அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டுடையது.

சிக்கல் அங்கேதான் வந்தது. மின்கம்பிகள் திருடு போயின. என்ஜின்கள் உதிரி பாகம் இல்லாமல் நின்றன. 2017-ல் 7.6 கோடி டன் ஏற்றிய முனையம், 2023-ல் ஏற்றியது வெறும் 4.7 கோடி டன். கிட்டத்தட்ட பாதி முனையம் சும்மா கிடந்தது. ஆனால் சம்பளம், பராமரிப்பு, தேய்மானம் எதுவும் பாதியாகக் குறையாதே! ஒவ்வொரு டன் தலையிலும் அந்தச் செலவு ஏறும். சில கம்பெனிகள் லாரியில் கூட அனுப்பிப் பார்த்தன, செலவு கட்டுப்படியாகவில்லை.

கடைசியில், "ரயில் எங்கள் பொறுப்பு இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. பாதைக் காவலுக்கும் உதிரி பாகங்களுக்கும் கம்பெனிகளே கைகொடுத்தன. 2024-ல் ஏற்றுமதி 5.2 கோடி டன்னுக்கு ஏறியது. இன்னும் 9.1 வெகு தூரம். ஆனாலும் சரிவு நின்றது.

நம் சம்ப்பும் அப்படித்தான். தொட்டியை இரண்டு மடங்காக்கலாம். வெளியிலிருந்து வரும் குழாய் அதே அளவில் இருந்தால், கூடுதல் தொட்டியில் காற்றுதான் நிற்கும். தவணை மட்டும் நாம் எல்லோரும் கட்டுவோம். முதலில் ஒரு மாதம் தினமும் எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது என்று குறித்து வைப்போம். குழாயில் குறை இருந்தால் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம். அதற்குப் பிறகு சிமெண்ட் வாங்கலாம்.