கல்விக் கடன்: மாணவரும் அலுவலரும் அறிய வேண்டுவன

பிணையாக வைக்க நிலமில்லையென்று உயர்கல்வியைக் கைவிடுவோர் உளர். அவ்வாறு கைவிட வேண்டுவதில்லை. இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி, 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டாற் போதும். கட்டணத்துடன் விடுதி, நூல், கருவிச் செலவுகளும் இதில் அடங்கும்.

படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. எனினும் விடுப்பு தவணைக்கே, வட்டிக்கு அன்று. அக்கால வட்டி அசலோடு சேரும். இச்சுமையைக் குறைக்கவே மானியம் உள்ளது. மத்திய அரசு 2024இல் ஏற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் பயிலும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத தகுதியுடைய மாணவர்க்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு அவ்விடைக்காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் அளிப்பது மாணவர் கடமை. விதிகளை விளக்கியுரைப்பது அலுவலர் கடமை.