பிள்ளையின் வாயால் பேசலாமா?

(ஸ்ரீராம்புரத்தில் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையேறினால் பிறரைக் குறை சொல்வது எளிது. நான் இன்று என் குறையைச் சொல்லியே தொடங்குகிறேன்.

என் மகன் எட்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் என்னை அழைத்தார்கள். ஆசிரியர் பத்து நிமிடம் கன்னடத்தில் பேசினார். எனக்குப் பிடிபட்டது 'இல்லா' என்ற ஒரே சொல்தான். பக்கத்தில் நின்ற மகனைக் கேட்டேன். "என்மேல் குறை ஒன்றும் இல்லையாம், அப்பா" என்றான். ஆசிரியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். பையன் இருபது நாளாகப் பள்ளிக்கே வரவில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். பரீட்சை முடிவு வந்த பிறகே எனக்கு அது தெரிந்தது.

குற்றம் யாருடையது, தோழர்களே? என்னுடையது! தகப்பன் என்ற பொறுப்பைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நாக்கில் ஒப்படைத்தவன் நான்.

நம் வீடுகளில் இதுதானே நடக்கிறது? ரேஷன் கடை அறிவிப்பு வந்தாலும், ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்தாலும், "படித்துச் சொல்லுடா" என்று பிள்ளையிடம் நீட்டுகிறோம். வெளியுலகம் முழுவதும் அவன் வாய்வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறதென்றால், வீட்டை நடத்துவது யார்? பிறகு நாம் கண்டித்தால் அவன் மதிப்பானா?

நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, பின்னி மில்லிலும் மினர்வா மில்லிலும் உழைத்தார்கள். பக்கத்துத் தறியில் தமிழர், மளிகைக்கடையில் தமிழர். கன்னட எழுத்து தெரியாமலே ஓர் ஆயுளை ஓட்ட முடிந்தது. அந்த மில்கள் மூடிவிட்டன. 2014 முதல் ஸ்ரீராம்புரம் வழியாக மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதிலேறிப் பீனியாவுக்கு வேலை கேட்கப் போகிறவனைத் தமிழ் மட்டுமே காப்பாற்றுமா?

"1991-ஐ மறந்துவிட்டாயா?" என்று சிலர் கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்த டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளிவந்ததும், இந்நகரில் தமிழர் அடிபட்டனர், வீடிழந்தனர். "தெருவில் தமிழ் பேசாதே" என்று பிள்ளையின் வாயைப் பொத்தினோம். ஆனால், அச்சத்தால் மறைத்த மொழி அடுத்த தலைமுறையில் மறந்த மொழியாகிவிடும்!

அல்சூரில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 9.8.2009 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. கைதட்டினோம். வள்ளுவர் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படிக்க நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. 2015-ஆம் ஆண்டுக் கன்னட மொழிச் சட்டமோ, கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கச் சொல்கிறது. தமிழை முதல் மொழியாக எடுத்துக் கன்னடத்தை இரண்டாவதாகப் படிக்க இடம் உண்டு. ஆனால் நாம் பிள்ளையைச் சேர்க்காவிட்டால், காலி பெஞ்சுக்கு எந்த அரசு ஆசிரியரை அனுப்பும்?

கன்னடம் கற்பது அடிபணிவதாகாது. உரிமையைக் கேட்கவும் வாய் வேண்டும். அது நமக்குத் தொலைவான மொழியும் இல்லை. பால் அங்கே ஹாலு, பத்து, ஹத்து, புலி, ஹுலி. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. அக்கா அங்கேயும் அக்காதான்!

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரவுச் சோறு முடிந்ததும் அரைமணி நேரம் டி.வி.யை நிறுத்துங்கள். நீங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். அவனிடம் கன்னட எழுத்தைக் கேட்டுப் படியுங்கள். ஒரே சிலேட்டு போதும்.

நானும் அப்படித்தான் கற்றேன். சென்ற ஆண்டு பேரனின் பள்ளிக்கு அழைப்பு வந்தது. போனேன். தட்டுத்தடுமாறி, கன்னடத்தில் நானே ஆசிரியரிடம் பேசினேன். பக்கத்தில் நின்ற பேரனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாடிப்போய்விட்டது!