சிரசுக்குப் பெயர் உண்டு, உடலுக்கு?



வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு மட்டும் ஊர்வலமாகக் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் உடைபடும். கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் அதை ஓர் உடலில் பொருத்துவார்கள். அதற்கு நாளிதழ்கள் வைத்திருக்கும் பெயர், ‘சண்டாளச்சி உடல்’. இரவில் சிரசைப் பிரித்து எடுத்துவிடுவார்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். ஜமதக்னி சொல்ல, பரசுராமன் தாய் ரேணுகாவை வெட்டுகிறான். அவளைக் காக்க வந்த சேரிப் பெண்ணையும் வெட்டுகிறான். உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிவிடுகின்றன. சாதி கலந்த சாமி என்று இதை மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஓடிவந்து கழுத்தைக் கொடுத்தவளுக்குச் சாதி இருக்கிறது, பெயர் இல்லை. வெட்டியவனோ அவதாரம்! அவள் தலை எங்கே? சில ஊர்களில் ரேணுகாவின் உடலோடு சேர்த்து எல்லம்மா என்கிறார்கள். குடியாத்தத்தில் ஊர்வலம் ரேணுகாவின் தலைக்குத்தான்.

ஆம்பூர்க்காரிக்கு இது பழகிய கணக்கு. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தார். பெட்டியில் வேறு யாருடைய பெயரோ இருக்கும்.

‘சண்டாளர்’ என்பது பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை இழிவாகப் பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று 2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் எச்சரித்தது. சாமியின் உடலுக்கு அது பொருந்தாதா?

உங்கள் பாட்டிகளிடம் கேளுங்கள். அவளுக்கு ஏதாவது பெயர் சொன்னால், அடுத்த வைகாசிக்குள் எனக்கு எழுதுங்கள்.