தாய்மைக் காலத்தில் உடல்நலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கருவுற்ற தாய்மாரின் உடல்நலத்தைப் பற்றிப் பேச ஓர் இரயில்வே எழுத்தனுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணலாம். தகுதி ஒன்றும் இல்லை. ஆயினும், இப்பொருளைப் பெண்கள் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு ஆடவர் எழுந்து போய்விடுவது நம்மவர் வழக்கம். ஆகவே ஆடவர்களை நோக்கியே பேச வந்தேன்.

நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரம் இத்துறையில் பேர்பெற்ற நகரம். டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் இலண்டனில் மருத்துவம் பயின்று திரும்பி, 1916-ஆம் ஆண்டில் தைக்காட்டுப் பெண்கள் மருத்துவமனையில் பணியேற்றார். வீட்டிலே மருத்துவச்சியைக் கொண்டு பிள்ளை பெறுவதே அந்நாள் வழக்கம். அம்மையார் அம்மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய மக்களுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்து, அவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். அவர் வகித்த பதவிகளினும் இந்த அறிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1938-இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை எழுந்ததும் அவர் முயற்சியாலேயே.

இத்தகையோர் இட்ட வித்தின் பயனை ஒரு கணக்கில் காணலாம். 2018–20-ஆம் ஆண்டுகளின் அரசாங்கக் கணக்கின்படி, ஓர் இலட்சம் குழந்தைகள் பிறக்குங்கால் உயிரிழந்த தாய்மார் இந்தியா முழுமைக்கும் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். கேரளத்தில் 19 பேர்.

இத்துணை நல்ல ஊரில் இருந்தும் நம் பெண்களுக்கு ஒரு குறை உண்டு. அக்கம்பக்கத்தில் அன்னையும் இல்லை, அத்தையும் இல்லை. மருத்துவமனையிலோ மொழி வேறு. செவிலி “வேதன உண்டோ?” என்று கேட்பாள். அவள் கேட்பது வலியை. நம் பெண்ணோ மனவேதனையைக் கேட்கிறாள் என்றெண்ணி, “அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருக்கிறேன்” என்பாள்! சிரிக்கிறீர்கள். வலி எடுத்த நேரத்தில் இது சிரிப்புக்குரியதன்று. “நீரு” என்றால் வீக்கம்; “அனக்கம்” என்றால் குழந்தையின் அசைவு. இவ்விரண்டு சொற்களையேனும் மனைவிக்குக் கற்றுக்கொடுத்த பிறகு கணவன்மார் அலுவலகம் போகலாம்.

ஏனெனில், முகமும் கையும் வீங்குதல், தீராத தலைவலி, பார்வை மங்குதல் ஆகியவை இரத்த அழுத்தம் மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் மருத்துவர் கவலைகொள்வர். “பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்புதானே” என்று வீட்டில் இருந்துவிடலாகாது. உதிரம் கண்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது இரத்த சோகை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்றவளுக்குச் சோகை என்பர். அரசாங்கம் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளைக்கு இலவசமாகத் தருகிறது. மலம் கறுத்துப்போகிறதென்று அஞ்சி அதை அலமாரியில் அடுக்கிவைப்போர் பலர். கறுத்தல் இயல்பே; அச்சம் வேண்டா. காப்பி, தேநீரோடு அதை விழுங்கினால் சத்து உடலில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளையில் உண்ண வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணை சேர்ந்தால் நலம்.

உணவுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, பால், முட்டை போதும். மீன் உண்போர்க்கு இவ்வூரில் மலிவாய்க் கிடைக்கும் சாளையைவிடச் சிறந்தது யாது? மரச்சீனி வயிற்றை நிரப்புமேயன்றி அதில் புரதம் மிகக் குறைவு. குழந்தை சிவப்பாய்ப் பிறக்குமென்று குங்குமப்பூவுக்குக் கொட்டும் பணத்தை முட்டைக்குச் செலவிட்டால் தாயேனும் தேறுவாள். நம் வீடுகளில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் அவளே. அந்தப் பத்து மாதமேனும் அவள் முதற்பந்தியில் அமரட்டும். மாமியார் ஏதேனும் சொன்னால் மகன் பேச வேண்டும்.

வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் தாய்வீடு அனுப்பும் வழக்கத்தை நான் குறை கூறேன். ஆனால் பெட்டியில் பட்டுப்புடவைக்கு மேலே தாய்-சேய் அட்டையும் பரிசோதனைத் தாள்களும் இருக்க வேண்டும். புதிய ஊர் மருத்துவர் அவற்றைக் கொண்டே முன்நிலையை அறிவார். தமிழகத்தில் கருவுற்றோரைப் பதிந்து எண் வழங்குகின்றனர். பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண்ணைக் கேட்பர். போன மறுநாளே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிடுவது நன்று.

சங்கச் செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்ன அறிகுறிகளுக்குரிய மலையாளச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, காலனியில் வீட்டுக்கொன்றாகக் கொடுக்கலாம். அச்சுக்கூலியில் பாதியை நான் தருகிறேன். மீதிப் பாதிக்கு இவ்வவையில் யாரேனும் கைதூக்குங்கள்.